13 புரதங்களைச் செய்ய 82 புரதங்கள்: மனித மைட்டோகாண்ட்ரிய ரைபோசோம்

மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டிஎன்ஏ 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன வளையம். அதில் மொத்தம் 37 மரபணுக்கள். 22 மரபணுக்கள் கடத்து ஆர்என்ஏக்களைத் தருகின்றன, 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களைத் தருகின்றன. புரதத்துக்கு என்று இருப்பவை 13 மட்டுமே. இந்த 13 புரதங்களைச் செய்வதற்காகவே மைட்டோகாண்ட்ரியா தனக்கென ஒரு ரைபோசோம் (புரதம் செய்யும் கருவி) வகையை வைத்திருக்கிறது. சுருக்கமாக அதை மைட்டோரைபோசோம் என்பார்கள். அதில் 82 புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குக்கூட மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் மரபணு கிடையாது. 82 மரபணுக்களும் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. புரதங்கள் வெளியே சைட்டோபிளாசத்தில் செய்யப்பட்டு, ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவரப்படுகின்றன.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது நஷ்டக் கணக்கு. ஆனால் அந்த 13 புரதங்கள் என்னவென்று பார்த்தால் கணக்கு மாறிவிடும். ஏழு புரதங்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பில் சேர்கின்றன. மூன்றாவது கூட்டமைப்பில் ஒன்று, நான்காவதில் மூன்று, ஐந்தாவது கூட்டமைப்பான ஏடிபி சிந்தேஸில் இரண்டு. எலக்ட்ரான்களைக் கடத்துவதிலும் புரோட்டான்களை நகர்த்துவதிலும் நடுநாயகமாக நிற்பவை இவைதான். இரண்டாவது கூட்டமைப்பில் மட்டும் இந்த 13-இல் எதுவும் இல்லை. அதன் நான்கு துண்டுகளும் உட்கரு மரபணுக்களிலிருந்தே வருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்கும் இடத்தில் இது மிகவும் உதவும்.

உறுப்புகளும் அளவுகளும்

எல்லா ரைபோசோம்களையும் போல இதற்கும் இரண்டு அலகுகள். சிறு அலகில் 12எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏவும் 30 புரதங்களும் இருக்கின்றன. தூது ஆர்என்ஏவைப் பிடித்து, அதில் எழுதியிருப்பதைச் சரியாக வாசிப்பது இதன் வேலை. பெரு அலகில் 16எஸ் ஆர்என்ஏவும் 52 புரதங்களும் இருக்கின்றன. அமினோ அமிலங்களைப் பிணைப்பது இங்கேதான். சிறு அலகைத் தனியே எடுத்தால் 28எஸ், பெரு அலகு 39எஸ், சேர்ந்திருந்தால் 55எஸ்.

28-ஐயும் 39-ஐயும் கூட்டினால் 67 அல்லவா வரவேண்டும்? எஸ் என்பது எடையின் அளவல்ல. அதிவேக மைய விலக்கியில் ஒரு துகள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதன் அளவு. எடை, அடர்த்தி, வடிவம் மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன. இரண்டு அலகுகள் ஒட்டிக்கொண்டால் திரவத்தில் உராயும் பரப்பு மாறுகிறது, அதனால் எண்கள் கூட்டுத்தொகைக்கு வருவதில்லை.

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். ஈ.கோலை பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ். எடை சுமார் 23 முதல் 25 லட்சம் டால்டன். மைட்டோரைபோசோம் 55எஸ் மட்டுமே, ஆனால் எடை சுமார் 27 லட்சம் டால்டன். எடை கூடியது மெதுவாக இறங்குகிறது! ஆர்என்ஏ அடர்த்தி மிக்கது, புரதம் அவ்வளவு அடர்த்தி இல்லாதது. பாக்டீரிய ரைபோசோமின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ. மைட்டோரைபோசோமில் அது தலைகீழ்: மூன்றில் இரண்டு பங்கு புரதம். கட்டமைப்பும் இடைவெளிகள் நிறைந்து, தளர்வாக இருக்கிறது.

ஆர்என்ஏ எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை எண்களில் பார்க்கலாம். ஈ.கோலையில் 1,542, 2,904, 120 எழுத்துகள் கொண்ட மூன்று ரைபோசோம் ஆர்என்ஏக்கள் உண்டு. மனித மைட்டோகாண்ட்ரியாவில் 954-உம் 1,559-உம்தான். பாதிக்குச் சற்று மேல் அவ்வளவே மிச்சம். 120 எழுத்துள்ள மூன்றாவது ஆர்என்ஏ, அதாவது 5எஸ், அறவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த எல்5, எல்25 ஆகிய பாக்டீரியப் புரதங்களும் கூடவே காணாமல் போய்விட்டன. அந்த இடத்தில் மனிதரில் வாலின் அமினோ அமிலத்துக்குரிய கடத்து ஆர்என்ஏ ஒன்று கட்டுமானப் பொருளாக உட்கார்ந்திருக்கிறது. பன்றியிலும் மாட்டிலும் அதே இடத்தில் இருப்பது ஃபினைல்அலனினுக்குரிய கடத்து ஆர்என்ஏ. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் 12எஸ் மரபணுவின் இரு பக்கமும் இந்த இரண்டு கடத்து ஆர்என்ஏக்களின் மரபணுக்கள்தான் இருக்கின்றன. கைக்கு எட்டிய துண்டு பயன்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

குறைந்த ஆர்என்ஏவின் ஓட்டையை அடைக்கத்தான் புதுப் புரதங்கள் வந்தன என்று நெடுங்காலம் நினைத்தார்கள். பாடநூல்களில் இன்னும் அப்படி எழுதுகிறார்கள். பாதிதான் சரி. 2003-இல் மாட்டின் மைட்டோரைபோசோமை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதே, பல புரதங்கள் பாக்டீரியாவில் ஒன்றுமே இல்லாத புது இடங்களில் நிற்பது தெரிந்தது. 2014, 2015 ஆண்டுகளில் சூரிச்சில் நெனாட் பான் குழுவும், கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணன் குழுவும் ஏறத்தாழ அணு அளவுத் துல்லியத்தில் பாலூட்டி மைட்டோரைபோசோம்களின் கட்டமைப்பை வெளியிட்டபின் ஐயம் நீங்கியது. புதுப் புரதங்களில் பெரும்பாலானவை வெளிப்புறத்தைச் சுற்றி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிணைப்பை உண்டாக்கும் மையத்தில் மட்டும் மாற்றமில்லை. அந்த வேலை இன்றும் 16எஸ் ஆர்என்ஏவினுடையதுதான்.

பெயர்களில் உள்ள பொறி

பழைய முறையில் சிறு அலகுப் புரதத்துக்கு எம்ஆர்பிஎஸ் என்றும், பெரு அலகுப் புரதத்துக்கு எம்ஆர்பிஎல் என்றும் முன்னொட்டு. மரபணுப் பட்டியல்களிலும் மருத்துவ அறிக்கைகளிலும் இன்றும் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. 2014-இல் வந்த புது முறை மூன்று எழுத்துகளைச் சேர்த்தது: எல்லா உயிர்களிலும் உள்ள புரதத்துக்கு யு, பாக்டீரிய வம்சத்துக்கு பி, மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரியதற்கு எம். எம்ஆர்பிஎஸ்12 என்பது புது முறையில் யுஎஸ்12எம். கடைசி எம், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள வடிவம் என்பதைக் குறிக்கிறது. எம்எல்45 என்று எழுத்து முன்னால் வந்தால், அது பாக்டீரியாவில் இணை இல்லாத புரதம். மொத்தத்தில் சுமார் 36 புரதங்கள் இந்த வகை.

புதிதாகப் படிப்பவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. எம்ஆர்பிஎஸ்30 என்ற பெயரைப் பார்த்தால் சிறு அலகு என்றுதான் தோன்றும். உண்மையில் அது பெரு அலகில் இருக்கிறது. புதுப் பெயர் எம்எல்65. எம்ஆர்பிஎஸ்18 இன்னும் சுவையானது. உட்கருவில் இதற்கு ஏ, பி, சி என்று மூன்று மரபணுக்கள் உள்ளன. பாக்டீரியாவில் எஸ்18 ஒன்றே ஒன்று என்பதால், ஒவ்வொரு மைட்டோரைபோசோமிலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இருக்கும், ஆகவே மூன்று வகை மைட்டோரைபோசோம்கள் இருக்கும் என்று ஊகித்தார்கள். கட்டமைப்பு வந்தபோது மூன்றும் ஒரே ரைபோசோமில் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தன. சி வடிவம் பாக்டீரிய எஸ்18-இன் இடத்தில், பி வடிவம் சிறு அலகின் வேறொரு மூலையில், ஏ வடிவம் பெரு அலகில்.

சில புரதங்களுக்கு ரைபோசோமோடு தொடர்பே தெரியாத பெயர்களும் உண்டு, ஏனென்றால் அவற்றை வேறு வேலைக்காக முதலில் கண்டுபிடித்தார்கள். டிஏபி3 என்பது எம்எஸ்29. பிடிசிடி3 என்பது எம்எஸ்39. சிஹெச்சிஹெச்டி1 என்பது எம்எஸ்37. ஐசிடி1 என்பது எம்எல்62. தரவுத்தளத்தில் எம்ஆர்பி என்று மட்டும் தேடிப் பட்டியல் போட்டால் இவற்றில் சில விடுபட்டுப் போகும்.

மூன்று புரதங்கள், கொஞ்சம் நெருக்கத்தில்

82-ஐயும் வரிசையாகச் சொல்வதில் பயனில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய சிக்கலை ஒவ்வொன்றும் எப்படித் தீர்க்கிறது என்பதற்கு மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலில் எம்எஸ்39. பாக்டீரியாவில் தூது ஆர்என்ஏவின் தொடக்கத்தில் ரைபோசோம் பிடித்துக்கொள்ள ஓர் அடையாள வரிசை இருக்கும். மனித மைட்டோகாண்ட்ரியாவின் தூது ஆர்என்ஏக்களில் அது இல்லை. பெரும்பாலானவை நேராகத் தொடக்கக் குறியீட்டிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. பிடிக்க வால் இல்லாத இழையை எப்படி உள்ளே நுழைப்பது? எம்எஸ்39 சிறு அலகில் தூது ஆர்என்ஏ நுழையும் வாயிலில் நிற்கிறது. ஒற்றை இழை ஆர்என்ஏவைப் பிடிப்பதற்கென்றே அமைந்த, திரும்பத் திரும்ப வரும் சுருள் அடுக்குகள் அதன் உடல் முழுக்க இருக்கின்றன. வந்த இழையை வாங்கி வழிக்குள் செலுத்துவது அதன் பங்கு.

அடுத்து எம்எல்45. மைட்டோரைபோசோம் செய்யும் 13 புரதங்களும் சவ்வுக்குள் புதைய வேண்டியவை, நீரை வெறுப்பவை. நீர்மமான உட்பகுதியில் விட்டால் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகிவிடும். அதனால் செய்யும்போதே சவ்வுக்குள் செருக வேண்டும். புரதம் வெளியேறும் சுரங்கத்தின் வாயருகே எம்எல்45 அமர்ந்து, ரைபோசோமை உட்சவ்வோடு இணைக்கிறது. அங்கே ஆக்ஸா1எல் என்ற செருகும் புரதம் தயாராக இருக்கிறது. வேலை நடக்காத நேரத்தில் எம்எல்45 தன் வாலையே சுரங்கத்துக்குள் நீட்டி வைத்திருப்பதையும் படங்களில் காணலாம்.

மூன்றாவது எம்எல்62. பாதியில் சிக்கிக்கொண்ட ரைபோசோமில், முடியாத புரதத்தைக் கடத்து ஆர்என்ஏவிலிருந்து வெட்டி விடுவிக்கும் திறன் கொண்ட நொதி இது. மற்ற உயிர்களில் தனியாக மிதக்கும் இதன் உறவினர், பாலூட்டிகளில் பெரு அலகின் நிரந்தர உறுப்பாகவும் ஆகிவிட்டது.

உள்ளே வருவதும் ஒன்றுசேர்வதும்

சைட்டோபிளாசத்தில் தயாரான பெரும்பாலான ரைபோசோம் புரதங்களின் முனையில், மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு முகவரிச் சீட்டு போன்ற வரிசை இருக்கும். வெளிச்சவ்வில் டாம், உட்சவ்வில் டிம்23 என்ற வாயில்கள் வழியே, மடிப்பு அவிழ்ந்த நிலையில் புரதம் உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே போனதும் எம்பிபி என்ற நொதி முகவரி வரிசையை வெட்டிவிடும். எல்லாவற்றுக்கும் இந்த வரிசை கிடையாது. சில புரதங்கள் வெட்டப்படாமலே சேர்கின்றன.

எம்ஆர்பிஎல்32-க்கு மட்டும் விசித்திரமான ஏற்பாடு. இதை வெட்டுவது எம்-ஏஏஏ என்ற சவ்வு நொதி. கெட்டுப்போன புரதங்களை முழுவதுமாகத் தின்று தீர்ப்பதுதான் அதன் வழக்கமான தொழில். எம்ஆர்பிஎல்32-ஐ மட்டும் நுனியில் வெட்டிவிட்டு விட்டுவிடுகிறது. ஈஸ்டில் செய்த ஆய்வுகள் இதற்கு விடை தந்தன: இந்தப் புரதத்தின் ஒரு பகுதியில் சிஸ்டீன் அமினோ அமிலங்கள் உலோக அயனியைப் பிடித்து இறுக்கமாக மடிந்திருக்கின்றன. நொதி அதுவரை தின்றுகொண்டு வந்து, அந்த முடிச்சில் நின்றுவிடுகிறது. சரியாக மடியாவிட்டால் முழுப் புரதமும் போயிற்று. சரியாக வெட்டாவிட்டால் பெரு அலகு முடிவடையாது. மனிதரில் எம்-ஏஏஏவின் ஒரு துண்டான பாராப்ளெஜின் பழுதானால், கால்கள் மெல்ல விறைத்துப்போகும் பரம்பரை நோய் வருகிறது. ரைபோசோம் கட்டுமானம் பாதிக்கப்படுவது அதன் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

உள்ளே வந்த புரதங்கள் எந்த வரிசையிலும் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆர்என்ஏ படியெடுக்கப்படும் இடத்தை ஒட்டிய ஆர்என்ஏ மணிகளில் கட்டுமானம் தொடங்குகிறது. முதலில் ஆர்என்ஏவை நேரடியாகப் பிடிப்பவை, பிறகு அவற்றின்மேல் சாய்பவை. டிடிஎக்ஸ்28, எராஎல்1, ஜிடிபிபிபி10 போன்ற உதவிப் புரதங்கள் வந்து, மடிப்பைச் சரிபார்த்துவிட்டு விலகிப் போகும். இறுதி ரைபோசோமில் இவற்றைக் காண முடியாது. ஒரு மைட்டோரைபோசோம் முழுமையாக ஒன்றுசேர சுமார் 2 முதல் 3 மணி நேரம் ஆகிறது. செல் இந்தப் புரதங்களைத் தேவைக்கு மேலேயே உள்ளே அனுப்புகிறது, இடம் கிடைக்காதவை சீக்கிரமே அழிக்கப்படுகின்றன. இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. ஒரு புரதம் குறைந்தால் அதன்மேல் ஒட்ட வேண்டிய அண்டைப் புரதங்களும் இடமின்றிச் சிதைகின்றன, ஆர்என்ஏவும் நிலைக்காமல் போகிறது. எம்ஆர்பிஎஸ்16, எம்ஆர்பிஎஸ்22 பழுதான நோயாளிகளின் செல்களில் 12எஸ் ஆர்என்ஏ குறைந்திருப்பதும், எம்ஆர்பிஎல்44 பழுதானவர்களிடம் 16எஸ் குறைந்திருப்பதும் இதனால்தான். பழுது எந்த அலகில் என்பதை ஆர்என்ஏ அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

பழுதானால்

2004-இல் எம்ஆர்பிஎஸ்16-இல் கண்ட மாற்றம்தான் இந்தப் புரதங்களில் முதலில் அறியப்பட்ட நோய்க் காரணம். பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுந்து, மூளையின் இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலமும் உருவாகாமல் இருந்தது. 2007-இல் எம்ஆர்பிஎஸ்22. 2011-இல் எம்ஆர்பிஎல்3, 2013-இல் எம்ஆர்பிஎல்44: இரண்டிலும் இதயத் தசை தடிப்பது முக்கிய அறிகுறி. எம்ஆர்பிஎஸ்7-இல் காது கேளாமையோடு கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்தன. எம்ஆர்பிஎஸ்34-இல் மூளையின் ஆழ்பகுதிகளைத் தாக்கும் லீ நோய்க்குறி. ஒரே மரபணுவிலும் முகங்கள் மாறும்: எம்ஆர்பிஎஸ்22-இன் கடுமையான மாற்றங்கள் பச்சிளங்குழந்தையையே பாதிக்க, மிதமான சில மாற்றங்கள் முட்டையகம் இளவயதிலேயே செயலிழப்பதில் மட்டும் வெளிப்படுகின்றன.

மைட்டோகாண்ட்ரிய நோய் என்றாலே தாய்வழி வருவது என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அது பொருந்தாது. 82 மரபணுக்களும் உட்கருவில் இருப்பதால், பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் நோய். இருவரும் நோயில்லாமல் பிரதியை மட்டும் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் வாய்ப்பு 25 சதவீதம். தாய்வழி என்ற பேச்சு மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் உள்ள 37 மரபணுக்களுக்குத்தான் செல்லும். 12எஸ் ஆர்என்ஏவின் 1555-ஆவது இடத்தில் ஏ எழுத்து ஜி ஆவது அதற்கு உதாரணம். அது 12எஸ்-ஐப் பாக்டீரிய ஆர்என்ஏவைப் போலவே ஆக்கிவிடுவதால், ஜென்டாமைசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் காதைச் செவிடாக்குகின்றன. லினிசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இன்னொரு வகை: எந்த மரபணு மாற்றமும் இல்லாதவரிலும் 16எஸ்-இன் பிணைப்பு மையத்தில் ஒட்டும். 28 நாட்களுக்கு மேல் கொடுத்தால் லாக்டிக் அமிலமும் நரம்புப் பாதிப்பும் வரக்கூடும் என்பதால்தான் அந்தக் கால வரம்பு.

ஆய்வகத்தில் எப்படி அறிவது

நொதி அளவீட்டில் 1, 3, 4, 5 ஆகிய கூட்டமைப்புகள் குறைந்து, 2 மட்டும் சரியாக இருந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் செய்யும் வேலையில்தான் கோளாறு என்று ஐயப்படலாம். மூன்றாவது சில நேரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆகவே அது சரியாக இருக்கிறது என்பதற்காகக் கைவிட வேண்டாம்.

நேரடிச் சோதனை, கதிரியக்கக் கந்தகம்-35 கொண்ட மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தால் புதுப் புரதங்களைக் குறியிடுவது. செல்களை மெத்தியோனின் இல்லாத ஊடகத்துக்கு மாற்றி, சுமார் 30 நிமிடம் கழித்து, சைட்டோபிளாச ரைபோசோம்களை மட்டும் நிறுத்தும் எமெட்டினைச் சேர்க்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது பரவலான அளவு. பிறகு குறியிட்ட மெத்தியோனின், 30 முதல் 60 நிமிடம். இப்போது ஜெல்லில் பிரித்தால் பட்டைகளாக ஒளிர்வது 13 புரதங்கள் மட்டுமே. மைட்டோரைபோசோமை நிறுத்தும் குளோராம்ஃபெனிகால் சேர்த்த ஒரு தட்டும் கூடவே இருக்க வேண்டும். அதில் பட்டைகள் மறையாவிட்டால் நீங்கள் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியப் புரதமல்ல. எமெட்டினின் தடை கழுவினாலும் விலகாது. குறியிட்ட புரதம் பிறகு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கழுவினால் விலகும் சைக்ளோஹெக்ஸிமைடைப் பயன்படுத்துங்கள். ஜெல்லில் ஏற்றும்முன் மாதிரியைக் கொதிக்க வைக்கக்கூடாது. நீரை வெறுக்கும் இந்தப் புரதங்கள் சூட்டில் திரண்டு ஜெல்லின் தொடக்கக் குழியிலேயே நின்றுவிடும், பட்டை மங்கியதை நோய் என்று எண்ணிவிடுவீர்கள். மிதமான சூடு போதும்.

எல்லாப் பட்டைகளும் மங்கினால் ரைபோசோமைப் போன்ற பொதுக் கருவியில் பழுது. ஒன்றிரண்டு மட்டும் மங்கினால் அந்தத் தூது ஆர்என்ஏவிலோ, அதற்குரிய உதவிப் புரதத்திலோ தேட வேண்டும்.

ரைபோசோம்தான் என்று உறுதிசெய்ய 10 முதல் 30 சதவீதம் வரையிலான சுக்ரோஸ் அடுக்கில் மைய விலக்கி ஓட்டி, சிறு பகுதிகளாகப் பிரித்து எடுத்து எதிர்பொருளால் சோதிப்பார்கள். மெக்னீசியம் தாங்கல் கரைசலில் இல்லாவிட்டால் 55எஸ் பிரிந்து 28-உம் 39-உம் மட்டுமே தெரியும், நோயாளியில் ரைபோசோமே கூடவில்லை என்ற பொய் முடிவுக்கு அது கொண்டுபோகும். இன்னொரு கண்ணி: சைட்டோபிளாச ரைபோசோமின் சிறு அலகு 40எஸ். மைட்டோகாண்ட்ரியாவின் பெரு அலகு 39எஸ். சுக்ரோஸில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே புற ஊதா உறிஞ்சல் வரைபடத்தை மட்டும் நம்பாமல், எம்ஆர்பிஎல்11 போன்ற பெரு அலகுப் புரதத்தையும் எம்ஆர்பிஎஸ்27 போன்ற சிறு அலகுப் புரதத்தையும் தனித்தனியே தேட வேண்டும். முன்னதாகவே டிஜிட்டோனினால் வெளிச்சவ்வைக் கழற்றி மைட்டோகாண்ட்ரியாவைத் தூய்மை செய்துகொண்டால் தொல்லை பாதியாகக் குறையும்.

மரபணு அறிக்கையில் எம்ஆர்பிஎல் ஏதாவது ஒன்றில் பொருள் தெளிவற்ற மாற்றம் என்று வந்தால், தனியாக அந்த வரி எதையும் நிரூபிப்பதில்லை. நோயாளியின் தோல் நாரிழைச் செல்களுக்குள் அதே மரபணுவின் பழுதில்லாத பிரதியை வைரஸ் வழியே செலுத்தி, மெத்தியோனின் குறியீட்டை மீண்டும் செய்கிறார்கள். 13 பட்டைகளும் பழைய அழுத்தத்துக்குத் திரும்பினால் அந்த மாற்றமே காரணம். திரும்பாவிட்டால் மற்ற 81 மரபணுக்களையும், அவற்றை ஒன்றுசேர்க்கும் உதவிப் புரதங்களின் மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.